பிளஸ் போட்டால் ஏன் எலக்ட்ரான் குறைகிறது?

மதுரை செல்லூரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். அணுத் துகள்களை எண்ணும் கணக்கில் வருடா வருடம் மதிப்பெண் போவது ஒரே இடத்தில்தான்: அயனி, அதாவது எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை அடைந்த அணு.

சாதாரண சோடியம் அணுவில் புரோட்டான் 11, எலக்ட்ரானும் 11. அதன் தலையில் ஒரு பிளஸ் போட்டுக் கேட்டால், "ஒன்று கூடிவிட்டது" என்று 12 எலக்ட்ரான் எழுதுகிறார்கள். சிலர் புரோட்டானையே 12 ஆக்கிவிடுகிறார்கள். 12 புரோட்டான் இருந்தால் அது சோடியமே இல்லை, மெக்னீசியம். அயனியாகும்போது புரோட்டான் எண்ணிக்கை மாறவே மாறாது. போவதும் வருவதும் எலக்ட்ரான் மட்டும்தான்.

அப்பாவுக்குக் கீழமாசி வீதியில் மளிகைக் கடை உள்ள ஒரு மாணவிக்கு இதைக் கடைக் கணக்காகச் சொன்னேன். எலக்ட்ரான் எதிர் மின்சுமை உடையது. அதைக் கடன் என்று வைத்துக்கொள். ஒரு ரூபாய் கடன் தீர்ந்தால் நம் நிலைமை ஒரு ரூபாய் மேலே வருகிறது அல்லவா? அதுதான் பிளஸ். சட்டென்று பிடித்துக்கொண்டாள். சோடியம் அயனியில் புரோட்டான் 11, எலக்ட்ரான் 10. குளோரைடில், அதாவது மைனஸ் போட்ட குளோரினில், ஒரு கடன் கூடுகிறது: புரோட்டான் 17, எலக்ட்ரான் 18. எழுதியதும் புரோட்டானிலிருந்து எலக்ட்ரானைக் கழித்துப் பாருங்கள். வினாவில் உள்ள மின்சுமை வராவிட்டால் விடை தவறு.

அடுத்தது நியூட்ரான். கார்பன், ஆக்சிஜன், கால்சியம் என்றே பழகியவர்கள் புரோட்டானும் நியூட்ரானும் எப்போதும் சமம் என்று நம்பிவிடுகிறார்கள். புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் வருவது நிறை எண். நிறை எண் 23 உள்ள சோடியத்தில் 23 - 11 = 12 நியூட்ரான். மின்சுமைக்கு இந்தக் கழித்தலில் வேலையே இல்லை.

குளோரினுக்குத் தனிம அட்டவணையில் அணு நிறையாக இருக்கும் 35.5-ஐ எடுத்து 18.5 நியூட்ரான் என்று எழுதுவதும் உண்டு. அரை நியூட்ரான் எங்கே இருக்கிறது? 35.5 என்பது சராசரி. இயற்கையில் குளோரின் அணுக்கள் நான்கில் மூன்று பங்கு நிறை எண் 35, மீதி 37. ஆகவே ஓர் அணுவில் 18 அல்லது 20 நியூட்ரான் இருக்கும். 36 என்று முழுதாக்கி 19 எழுதினாலும் தவறுதான். வினாவில் எந்த நிறை எண் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சரி, நிறை எண் 1 உள்ள ஹைட்ரஜனுக்குப் பிளஸ் போட்டுக் கேட்டால்? புரோட்டான் 1, நியூட்ரான் 0, எலக்ட்ரான் 0. இரண்டு பூஜ்யம் எழுதப் பிள்ளைகளுக்குக் கை வராது. தைரியமாக எழுதுங்கள், அதுதான் சரியான விடை.