தாவீது அரசரைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவீதைப் பற்றி எழுத உட்காருகிறவர்களில் பலர், வேதாகமத்தில் அவர் கதையைச் சொல்லும் சாமுவேல் நூல்களைப் புரட்டும் முன்பே, ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையை எழுதி முடித்துவிடுகிறார்கள். சிறுவன் தாவீது கவண்கல்லால் வீழ்த்திய பெலிஸ்த வீரன் கோலியாத்தின் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது ஏறத்தாழ ஒன்பதரை அடி என்பது வழக்கிலுள்ள எபிரேயப் பாடத்தின் கணக்கு. சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அது நான்கு முழமும் ஒரு சாணுமாகவே இருக்கிறது. ஆறரை அடி ஆள் எதிரில் நின்றாலும் கவணோடு போன சிறுவனின் துணிச்சல் குறையாது என்பதால், பெரிய எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. மேலும், 2 சாமுவேல் 21:19இன் எபிரேய மூலம் கோலியாத்தைக் கொன்றவன் எல்க்கானான் என்கிறது. அதே வரலாற்றைத் திரும்பச் சொல்லும் வேதாகம நூலான 1 நாளாகமம் 20:5 கொல்லப்பட்டவனைக் கோலியாத்தின் சகோதரன் என்கிறது. சில மொழிபெயர்ப்புகள் அந்தச் சகோதரனை முந்தைய நூலிலும் சேர்த்துவிட்டதால், அவற்றை மட்டும் படிப்பவருக்கு இந்த முரண் தெரிவதேயில்லை.

150 சங்கீதங்களையும் தாவீதே பாடினார் என்பது அடுத்த தவறு. எபிரேயத்தில் 73 சங்கீதங்களின் தலைப்பில் மட்டுமே அவர் பெயர் உண்டு; அங்குள்ள ‘லெ’ என்னும் முன்னொட்டு ‘தாவீதின்’, ‘தாவீதுக்கு’, ‘தாவீதைக் குறித்து’ என மூன்று விதமாகவும் பொருள் தரும். பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் அழும் 137ஆம் சங்கீதமோ, அவருக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் பிந்திய, யூதர்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சிறையிருப்பைப் பேசுகிறது.

தாவீது நாற்பது ஆண்டுகளும் இஸ்ரவேல் முழுவதையும் ஆண்டார் என்பதும் சரியன்று. முதல் ஏழரை ஆண்டுகள் அவர் எபிரோனிலிருந்து யூதாவை மட்டுமே ஆண்டார். எருசலேமில் யாப்பா வாசலருகே ‘தாவீது கோபுரம்’ என்று காட்டப்படும் கோட்டைக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

தொல்லியலில் தவறு இரு பக்கமும் நேர்கிறது. அவர் இருந்ததற்கு மறைநூலுக்கு வெளியே சான்றே இல்லை என்பவர்கள், 1993இல் வட இஸ்ரேலின் தேல் தான் மேட்டில் கிடைத்த, கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரமேயக் கல்வெட்டை மறந்துவிடுகிறார்கள். அதில் ‘தாவீதின் வீடு’ என்ற தொடரைப் பெரும்பாலான அறிஞர்கள் வாசிக்கிறார்கள். ஆனால் ‘வீடு’ என்பது இங்கே அரசமரபு. அவர் பெயரால் ஒரு மரபு அறியப்பட்டிருந்தது என்பதற்கே அது சான்று, அவருடைய பேரரசின் எல்லைகளுக்கு அன்று.

நாளாகமத்தை மட்டும் வைத்து அவரை வரைவதே எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுகிறது. ஆலயத்துக்குப் பொன்னும் வெள்ளியும் சேர்த்த அரசரை அந்நூல் விரிவாகக் காட்டுகிறது. உரியா என்னும் போர்வீரனின் மனைவி பத்சேபாளுடன் அவர் செய்த குற்றத்தை விட்டுவிடுகிறது. 2 சாமுவேலோ, உரியாவைப் போர்முனையில் சாகவிடும்படி படைத்தலைவன் யோவாபுக்கு எழுதிய கடிதத்தைத் தாவீது அந்த உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பியதையும், நாத்தான் தீர்க்கதரிசி அரசரின் முகத்துக்கு நேரே ‘நீயே அந்த மனுஷன்’ என்றதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.