முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து: ஆய்வுச் செய்தியை எடைபோடும் முறை

முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு செய்தி வந்தால், அந்த ஆய்வு எந்த உயிரினத்தில் நடந்தது என்பதை முதலில் தேடுங்கள். பெரும்பாலும் அது தலைப்பில் இராது, நான்காம் பத்தியில் ஒளிந்திருக்கும். ஈஸ்ட்டிலோ மூன்று வாரமே வாழும் நுண்புழுவிலோ நடந்ததென்றால், அது ஆய்வாளர்களுக்கான துப்பு மட்டுமே. சுண்டெலியில் நடந்திருந்தால் எத்தகைய சுண்டெலி என்று கேளுங்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட ஆய்வக வகைகளில் பல விலங்குகள் ஒரே நோயால் இறக்கக்கூடும். அந்த ஒரு நோயைத் தாமதப்படுத்தும் மருந்துகூட முதுமையையே வென்றதுபோலத் தோற்றமளிக்கும்.

இந்தக் குறையைத் தவிர்க்கவே, அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், மரபணுக் கலப்புள்ள சுண்டெலிகளைக் கொண்டு மேய்ன், மிச்சிகன், டெக்சாஸ் ஆகிய மூன்று இடங்களில் ஒரே சோதனையை ஒரே நேரத்தில் நடத்தச் செய்கிறது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1999 முதல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு வழங்கப்படும் ராபமைசின், 2009இல் இந்தத் தேர்வில் தேறியது. 600 நாள் வயதில், அதாவது மனிதக் கணக்கில் ஏறத்தாழ 60 வயதில், மருந்து தொடங்கியும் ஆயுள் நீண்டது. பெண் சுண்டெலிகளில் 14 விழுக்காடு, ஆண்களில் 9 விழுக்காடு என்ற அந்த எண்கள் சராசரி ஆயுளைக் குறிப்பவை அல்ல; கூட்டத்தில் 90 விழுக்காடு இறந்து முடிந்த வயதைக் குறிப்பவை. எந்தச் செய்தியிலும் விழுக்காட்டைக் கண்டால், எதில் அத்தனை விழுக்காடு என்று பாருங்கள். திராட்சைத் தோலில் காணப்படும், ஒரு காலத்தில் பெரிதும் கொண்டாடப்பட்ட ரெஸ்வெரட்ரால் இதே தேர்வில் ஆயுளை நீட்டவில்லை. மாத்திரைகளாக அது இன்றும் விற்கப்படுகிறது.

அடுத்து, யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். என் கருத்தில் இதுவே மிக முக்கியமான கேள்வி. மருந்தின்றி, உணவைக் குறைத்தாலே ஆயுள் நீளுமா என்று அறிய, ரீசஸ் குரங்குகளின் உணவை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்த இரண்டு நீண்டகால ஆய்வுகளில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2009இல் நற்பலனை அறிவித்தது. தேசிய முதுமை ஆய்வு நிறுவனமோ 2012இல் ஆயுள் நீளவில்லை என்றது. விஸ்கான்சின் உணவில் சர்க்கரை 28.5 விழுக்காடாகவும், மற்றதில் 3.9 விழுக்காடாகவும் இருந்தது; மேலும் விஸ்கான்சினில் ஒப்பீட்டுக் குரங்குகள் விரும்பிய அளவு உண்டன, மற்ற இடத்தில் அவற்றுக்கும் அளந்தே உணவிட்டார்கள். மிதமிஞ்சி உண்ட குரங்கோடு ஒப்பிட்டால், குறைத்து உண்ட குரங்கு நலமாகத் தெரிவதில் வியப்பில்லை.

மனிதர்களிடம் நடந்த ஆய்வென்றால், மருந்து யாருக்கு என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டதா, அல்லது பழைய மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிக் கண்டதா என்று பிரித்தறியுங்கள். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தை உட்கொண்ட நோயாளிகள், நீரிழிவே இல்லாதவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக வாழ்ந்ததாக 2014இல் வந்த பிரிட்டன் ஆய்வு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நோய் முற்றி வேறு மருந்துக்கு மாறியவர்கள் இத்தகைய கணக்கிலிருந்து விலகிவிட்டால், எஞ்சியவர்கள் இயல்பாகவே நலமானவர்களாக இருப்பார்கள். இதைச் சரியாகச் சோதிக்க, முதுமை ஆய்வாளர் நிர் பார்சிலாய் முன்வைத்த 'டேம்' என்ற மெட்ஃபார்மின் ஆய்வுத் திட்டம், 65 முதல் 79 வயதுக்குட்பட்ட சுமார் 3,000 பேரிடம் இதய நோய், புற்றுநோய், மறதிநோய், மரணம் ஆகியவை தள்ளிப்போகின்றனவா என்று பார்க்க வகுக்கப்பட்டது. "உயிரியல் வயது இரண்டாண்டு குறைந்தது" என்பது போன்ற செய்திகளில் அளக்கப்படுவது பெரும்பாலும் டிஎன்ஏவின் மீதுள்ள வேதிக் குறிகளே; அவை மாறியதாலேயே நோய் குறைந்தது என்று ஆகிவிடாது.

இத்தனையும் தேறிய மருந்தானாலும், அதன் பக்க விளைவுகளைத் தனியே தேடிப் படியுங்கள். ராபமைசின் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும், வாய்ப்புண் வரவழைக்கும், இரத்தக் கொழுப்பை உயர்த்தும். மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்க இவற்றைப் பொறுப்பதும், நலமாக உள்ளவர் இவற்றை வலிந்து ஏற்பதும் ஒன்றல்ல என்பதால், மருத்துவரிடம் கேளாமல் அதை வாங்கி உண்ணாதீர்கள்.