நகராத கோப்புக்குப் பத்து ரூபாய் மனு

மதுரை மாநகராட்சியில் சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் மண்டல அலுவலகத்துக்கு நடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "யாரையாவது பார்த்தீங்களா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். யாரையும் பார்க்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் ஒரு மனு போடுங்கள். கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது எழுத்தில் வந்துவிட்டால், தாமதத்தை வைத்து விலை பேசுவது கஷ்டம்.

முதலில் உங்கள் பழைய மனுவின் ஒப்புகைச் சீட்டைத் தேடி எடுங்கள். எண்ணும் தேதியும் வேண்டும். சீட்டே வாங்கவில்லை என்றால் மறுபடி மனு கொடுத்து வாங்குங்கள்.

அடுத்தது கேள்வி. வெற்றி தோல்வி இங்கேதான். "ஏன் தாமதம்?" என்று கேட்டால், "விளக்கம் அளிக்க இயலாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்; பதிவேட்டில் இருப்பதைத் தருவதுதான் சட்டம். அதனால் இப்படிக் கேளுங்கள்:

1. என் மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் போனது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.
2. அதன் மீது அலுவலர்கள் எழுதிய குறிப்புகள் உள்ள கோப்பின் (குறிப்புக் கோப்பு) நகல்.
3. இந்த வேலைக்குக் காலக்கெடு நிர்ணயித்த ஆவணத்தின் நகல்.
4. எனக்குப் பின்னால் மனுக் கொடுத்து, வேலை முடிந்தவர்களின் மனு எண், பெற்ற தேதி, முடித்த தேதி.

நாலாவதுதான் சுருக்கென்று தைக்கும். வரிசையைத் தாண்டிப் போனவை எத்தனை என்பது அதில் தெரிந்துவிடும். ஆனால் அவர்களுடைய பெயர், முகவரியைக் கேட்காதீர்கள். அடுத்தவர் விவரம் என்று மறுக்க அது சாக்காகிவிடும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்றும் எழுதத் தேவையில்லை.

அப்புறம் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "பொதுத் தகவல் அலுவலர், மதுரை மாநகராட்சி, அறிஞர் அண்ணா மாளிகை, தல்லாகுளம்" என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்றின் நகலை வைத்தால் கட்டணம் கிடையாது.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அதற்குள் போன் வரலாம்: "சார், மனுவை வாபஸ் வாங்கிடுங்க, வேலையை முடிச்சுத் தர்றோம்." சரி என்று தலையாட்டுவதற்கு முன் உத்தரவு கைக்கு வரட்டும்.

பதிலே வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் பலிக்கவில்லையா, 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. அங்கே காத்திருக்க நேரும்தான். ஆனால் நியாயமான காரணமின்றித் தகவலைத் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

நேரடியாகப் பணமே கேட்டால் இந்த மனுவில் எழுத வேண்டாம். லஞ்ச ஒழிப்புத்துறையிடம் போங்கள். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் 7 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவர் மீதும் வழக்கு வரலாம்.