மாமல்லபுரத்துக்கு யார் வருகிறார்கள்? கூட்டக் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர் அதிகம் தங்கும் ஒத்தவாடை தெருவில் ஒரு சின்ன லாட்ஜை லீசுக்கு எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டு வந்தார். அவர் செல்போனில் 2022 செப்டம்பர் மாதச் செய்தி ஒன்று இருந்தது: வெளிநாட்டினர் வருகையில் தாஜ் மகாலை மாமல்லபுரம் முந்தியது. அதை நம்பி எடுத்தார். வாசல் பலகையில் பிரெஞ்சில் ஒரு வரி, மெனுவில் பான்கேக், மியூஸ்லி, லெமன் ஜிஞ்சர் டீ. முதல் சனிக்கிழமை ராத்திரி வந்த இரண்டு குடும்பங்கள் கேட்டது இதைத்தான்: "எக்ஸ்ட்ரா பாய் தருவீங்களா? குழந்தைக்குத் தயிர் சாதம் கிடைக்குமா?"

அந்தச் செய்தி பொய் இல்லை, அதில் இருந்த எண்ணை வெளியிட்டதும் அரசுதான். படித்த விதத்தில்தான் கோளாறு. லாட்ஜ், ஓட்டல், கைவினைக் கடை வைக்க நினைப்பவர்களும், ஊரைப் பற்றி அறிக்கை எழுதுபவர்களும் திரும்பத் திரும்ப விழுகிற குழிகள் சில இருக்கின்றன.

எந்த வாசலில் எண்ணினார்கள் என்று கேட்காமல் விடுவது

இந்த ஊருக்கு வருகிறவர்களை ஒரே இடத்தில் நின்று யாரும் எண்ணுவதில்லை. தொல்லியல் துறைக்குத் தெரிவது விற்ற நுழைவுச்சீட்டு. சுற்றுலாத் துறை விடுதிகளின் கணக்கைப் பார்க்கிறது. வெளிநாட்டவர் அறை எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அவர் விவரத்தைப் பதிய வேண்டும். அது குடிவரவுத் துறைக்குப் போகிறது. ஈ.சி.ஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) சுங்கச்சாவடி வண்டிகளை எண்ணுகிறது. நான்கும் நான்கு வேறு கூட்டத்தைச் சொல்கின்றன. ஒன்றின் எண்ணை எடுத்து இன்னொன்றின் கேள்விக்குப் பதிலாக வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சீட்டுக் கணக்கில் மட்டும் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். 15 வயது வரை சீட்டு வேண்டாம். பள்ளிச் சுற்றுலா பஸ்ஸில் இருந்து ஐம்பது பிள்ளைகளும் நான்கு ஆசிரியர்களும் இறங்கினால் சீட்டு விற்பது நான்கு. அர்ஜுனன் தபசைத் தெருவில் நின்றே பார்த்துவிடலாம். கடற்கரைக்குக் கட்டணம் கிடையாது. ஏப்ரல் 18 உலக மரபு நாள், நவம்பர் 19 மரபு வாரத் தொடக்கம், இரண்டிலும் இலவச அனுமதி.

மாசி மகத்தன்று விடியற்காலையில் கடற்கரைக்குப் போனால் இது இன்னும் நன்றாகப் புரியும். பல மாவட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கான இருளர்கள் குடும்பம் குடும்பமாக முன்கூட்டியே வந்து, கழி நட்டுப் புடவையும் தார்ப்பாயும் கட்டி மணலிலேயே தங்குகிறார்கள். பொழுது விடியும்போது ஈர மணலைப் படிபோலப் பிடித்து, பூ வைத்து, கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும். இவர்கள் சீட்டு வாங்குவதில்லை, அறை எடுப்பதில்லை. ஆனால் உலக அளவில் புழங்கும் வரையறைப்படி, சொந்த ஊரை விட்டு வந்து ஓர் இரவாவது தங்குபவர்தான் சுற்றுலாப் பயணி. அன்று காலை காரில் வந்து மாலை சென்னை திரும்பும் ஐ.டி. ஊழியர் பகல்நேர வருகையாளர் மட்டுமே. யார் எந்தக் கணக்கில் ஏறுகிறார், யார் விடுபடுகிறார் என்பதை யோசித்தால் கொஞ்சம் சிரிப்புகூட வரும்.

வருகையைத் தலையாக எண்ணுவது

2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி. அதே ஆண்டு எல்லா மாநிலங்களும் கொடுத்த வெளிநாட்டினர் வருகையைக் கூட்டினால் 3.14 கோடி! அதில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 68 லட்சத்துக்கு மேல். யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. பாரிஸில் இருந்து வரும் ஒரு தம்பதி மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், மதுரை, கொச்சி என்று போனால் மூன்று மாநிலக் கணக்கில் ஏறுகிறார்கள். இதைத் தெரியாமல், "நாட்டுக்கு வரும் வெளிநாட்டுக்காரரில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள்" என்று மேடையில் பேசியவர்கள் உண்டு.

தாஜ் மகால் கதை

சரி, நண்பரின் செய்திக்கு வருவோம். 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை மாமல்லபுரத்துச் சின்னங்களில் வெளிநாட்டினர் 1,44,984 பேர், தாஜ் மகாலில் 38,922 பேர். மத்திய சுற்றுலாத் துறையின் தொகுப்பு சொன்னது இது. உடனே எல்லோரும் காரணம் கண்டுபிடித்தார்கள். பாதிப் பேர் செஸ் ஒலிம்பியாட் என்றார்கள். செஸ் ஒலிம்பியாட் இங்கே நடந்தது 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை. கணக்கு முடிந்ததோ மார்ச் 31. நான்கு மாதம் கழித்து நடந்த போட்டி எப்படி அந்த எண்ணை உயர்த்தும்? செய்தி செப்டம்பரில் வந்தது, போட்டி அப்போதுதான் முடிந்து மனதில் பசுமையாக இருந்தது. அவ்வளவுதான்.

மீதிப் பேர் 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதமர் மோடியும் இங்கே சந்தித்ததைச் சொன்னார்கள். அந்தச் சந்திப்பால் ஊரின் பெயர் பரவியது உண்மை. ஆனால் நடுவில் கொரோனா வந்துவிட்டதே. 2020 மார்ச்சில் நிறுத்திய சுற்றுலா விசா, தனி வாடகை விமானங்களில் வருபவர்களுக்கு 2021 அக்டோபர் 15இலும் மற்றவர்களுக்கு நவம்பர் 15இலும்தான் திறந்தது. வழக்கமான சர்வதேச விமான சேவை 2022 மார்ச் 27இல் தொடங்கியது. அதாவது அந்தக் கணக்கு ஆண்டின் பெரும்பகுதியில் சுற்றுலா விசாவில் ஒருவராலும் உள்ளே வர முடியாது. இப்படிப்பட்ட ஆண்டில் ஒரு ஊர் முதலிடம் வந்தால், ஓட்டப்பந்தயத்தில் மற்றவர்கள் வீட்டில் இருந்த நாள் அது என்று புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ஆண்டில் தாஜ் மகாலுக்கு வெளிநாட்டினர் பல லட்சம் பேர் வருவார்கள். அந்த ஒரு வருட எண்ணை வைத்து லீஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. சொன்னேன், கேட்கவில்லை.

பள்ளத்தில் இருந்து ஏறுவதை மலை ஏறுவதாக நினைப்பது

இது எளிது, வேகமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2021இல் சுமார் 15 லட்சம், 2022இல் 64 லட்சம். நான்கு மடங்கு என்று கொண்டாடலாம். 2019ஓடு வைத்துப் பார்த்தால் நாற்பது சதவீதம் குறைவு. 2023இல் 95 லட்சம், அப்போதும் பழைய உயரம் வரவில்லை. 'இத்தனை சதவீத வளர்ச்சி' என்று எங்கே படித்தாலும் எந்த ஆண்டோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். 2020, 2021 என்றால் அந்தச் சதவீதத்தை மறந்துவிடுங்கள்.

கூட்டத்தை 'நம்ம ஆள்', 'வெள்ளைக்காரர்' என்று இரண்டாகப் பிரிப்பது

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. சீட்டில் இரண்டே விலை: இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அதனால் எல்லோர் மனதிலும் இரண்டே வகை. ஆனால் இலங்கை, வங்கதேசம், தாய்லாந்து போன்ற சார்க், பிம்ஸ்டெக் என்ற ஆசிய நாட்டுக் கூட்டமைப்புகளின் நாட்டினருக்கு இந்தியக் கட்டணம்தான். வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை வைத்திருக்கும் நியூஜெர்சி தமிழ்க் குடும்பமும் 40 ரூபாய் சீட்டுதான் வாங்கும், பாஸ்போர்ட் அமெரிக்கா என்றாலும். மறுபக்கம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் கொரியர்களும் ஜப்பானியர்களும் சென்னையில் குடியிருப்பவர்கள். ஞாயிறு காலை டிரைவரோடு வருவார்கள், வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுவார்கள். முகத்தைப் பார்த்து "ஃபாரினர் வந்திருக்கார்" என்று கைடு ஓடினால், ஐந்து ரதத்தை ஆறாவது முறை பார்க்க வந்தவராக இருப்பார்.

இந்தியர் என்ற அந்த ஒற்றைப் பெட்டிக்குள் இருக்கும் வித்தியாசம் இன்னும் பெரிது. கார்த்திகை, மார்கழியில் கறுப்பு உடுத்திய ஐயப்ப பக்தர்கள். மார்கழியில் இருந்து தைப்பூசம் வரை, மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டிவிட்டு வழியில் இங்கே இறங்கும் செவ்வாடைப் பெண்கள். பல பஸ்களில் அடுப்பும் பாத்திரமும் கூடவே வரும். நிறுத்தின இடத்தில் சோறு பொங்கிச் சாப்பிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டுப் போவார்கள். அதே டிசம்பர், ஜனவரிதான் வெளிநாட்டுக்காரர் சீசனும், நாட்டிய விழாவும். இரண்டு கூட்டமும் ஒரே வாரத்தில் ஒரே தெருவில். மாதாந்தர எண்ணில் இவர்கள் கலந்து ஒன்றாகத் தெரிவார்கள். ஓட்டல்காரருக்கு ஒருவர் இரண்டு வேளை சாப்பாடு, இன்னொருவர் ஒரு பாட்டில் தண்ணீர்.

காணும் பொங்கலைத் தனியாகவே சொல்ல வேண்டும். அன்று ஊருக்கு வெளியிலேயே வண்டிகளைப் போலீஸ் நிறுத்திவிடும், மக்கள் நடந்தே உள்ளே வருவார்கள். 2011 கணக்கெடுப்பில் சுமார் 15 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் இது. அந்த ஒரு நாளை வருட சராசரியில் சேர்த்தால் கிடைக்கும் எண் எந்த நாளுக்கும் பொருந்தாது. அதைவிடக் கடைக்காரர்கள் சொல்லும் கணக்கே மேல்: "சனி, ஞாயிறு ஒரு ஊர், செவ்வாய்க்கிழமை வேற ஊர்."

கூட்டம் கூடினால் காசும் கூடும் என்று நம்புவது

ஒரு மனக்கணக்கு போடுவோம். ஆயிரம் வெளிநாட்டவர் சீட்டு வாங்கினால் 6 லட்சம் ரூபாய். அவர்கள் வராமல் பத்தாயிரம் இந்தியர் வந்தால் 4 லட்சம். தலைகள் பத்து மடங்கு, வசூல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. குப்பைத் தொட்டியும் கழிப்பறையும் பார்க்கிங்கும் மட்டும் பத்தாயிரம் பேருக்கு வேண்டும். வருமானம் குறைந்தது என்ற செய்தியைப் பார்த்து ஊர் காற்று வாங்குகிறது என்று நினைப்பதும், கூட்டத்தைப் பார்த்து ஊர் கொழிக்கிறது என்று நினைப்பதும் ஒரே தவறின் இரு பக்கம்.

சென்னையில் இருந்து 60 கிலோமீட்டருக்குள் இருப்பதுதான் இங்கே வரமும் சாபமும். ஈ.சி.ஆர் அகலமாக அகலமாக வருவது எளிதானது, திரும்பிப் போவதும் அதே அளவு எளிதானது. தங்குபவர்களிலும் பல பேர் ஊருக்குள் வருவதில்லை, ஈ.சி.ஆர் ஓர ரிசார்ட்டில் நீச்சல்குளம், பஃபே, செக்அவுட், நேராக வீடு.

கல் பட்டறைகளைப் பார்த்தும் பலர் ஏமாறுகிறார்கள். 2017இல் புவிசார் குறியீடு கிடைத்த சிற்பங்கள் ஆயிற்றே, டூரிஸ்ட் கூடினால் உளிக்கு வேலை கூடும் என்று தோன்றும். டூரிஸ்ட் வாங்குவது கைக்கு அடங்கும் பிள்ளையார், ஆமை, யானை. பெரிய பட்டறைகளுக்குச் சோறு போடுவது கோயில் திருப்பணி ஆர்டர். மூலவர் சிலைக்கு வந்து அட்வான்ஸ் கொடுப்பவர் எந்தச் சீட்டும் வாங்குவதில்லை.

ஒரு தெருவில் விசாரித்து ஊருக்கே தீர்ப்பு சொல்வது

ஒத்தவாடை தெருவில் கேட்டால் சீசன் படுத்துவிட்டது என்பார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிபன் கடையில் கேட்டால் நிற்க நேரம் இல்லை என்பார்கள். இருவரும் நிஜத்தைத்தான் சொல்கிறார்கள்.

நண்பர் இப்போது கல்லாவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். வந்த நாள், எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை இரவு, என்ன சாப்பிட்டார்கள், எப்படித் தெரிந்து வந்தார்கள் என்று ஆறு கட்டம். பான்கேக்கை அவர் எடுத்துவிடவில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை, திங்கள் முதல் வியாழன் வரை மட்டும் போடுகிறார். பாய் பன்னிரண்டு வாங்கிப்போட்டிருக்கிறார், சனிக்கிழமைகளில் அதுவும் பற்றுவதில்லை.