பங்க் ராக் கச்சேரிக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு

பெரிய அரங்கில் முதல் மூன்று பாட்டுக்குத்தான் அனுமதி, ஃபிளாஷ் கூடாது என்பார்கள். லண்டனில் பப்பின் பின்னறையில் நடக்கும் பங்க் கச்சேரியில் பெரும்பாலும் அதெல்லாம் கிடையாது, மேடைக்கு முன்னால் தடுப்பும் இருக்காது. ஜூம் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அகலமாகக் காட்டும் 28 எம்எம் லென்ஸ் போதும், பாடுகிறவரின் எச்சில் லென்ஸில் தெறிக்கும் தூரம்.

நான் ஷட்டரை 1/15 நொடியில் வைத்து, அது மூடும் நேரத்தில் ஃபிளாஷ் அடிக்க விடுவேன். மெனுவில் ரியர் கர்ட்டன் என்றிருக்கும். விளக்கொளி கோடு கோடாக இழுபடும், முகம் மட்டும் உறைந்து நிற்கும். அந்த இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். லென்ஸ் துவாரத்தை எஃப்8-ல் வைத்து, ஒன்றரை மீட்டரில் கையால் ஃபோகஸ் செய்துவிட்டு மறந்துவிடுங்கள். சிவப்பு விளக்கு மட்டும்தான் என்றால் கருப்பு வெள்ளை.

கேமரா வாரைக் கழுத்தில் மாட்டாதீர்கள். ஒருமுறை யாரோ துள்ளியதில் வார் சிக்கி, மூக்கு தப்பியதே பெரிது. காதடைப்பான் கட்டாயம்.

அப்புறம், மங்கலான படத்தை அன்றிரவே அழிக்க வேண்டாம். 1979-ல் நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் கிளாஷ் என்ற பங்க் குழுவின் பால் சிமனன் பேஸ் கிட்டாரைத் தரையில் அடித்ததைப் புகைப்படக்காரர் பென்னி ஸ்மித் படமெடுத்தார். ஃபோகஸ் சரியில்லை, வேண்டாம் என்றார். குழுவோ அதையே ஆல்பம் அட்டையாக்கியது. நான் ஒரு வாரம் கழித்துத்தான் மெமரி கார்டையே திறப்பேன்.