கிள்ளான் வேலைநிறுத்தத்தில் உங்கள் தோட்டத்தின் பங்கைத் தேடுவது எப்படி?

1941இல், இன்றைய மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் தங்கள் தாத்தா பாட்டியும் கலந்துகொண்டதாகக் கேள்விப்பட்ட குடும்பங்கள் கோலாலம்பூரில் உண்டு. அதை உறுதிசெய்ய விரும்புவோர் தேடலை வீட்டுப் பெரியவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

அவர்களிடம் ஆண்டைக் கேட்பதைவிட, "ஜப்பான்காரன் வருவதற்கு முன்பா, போன பிறகா?" என்று கேளுங்கள். 1941 இறுதியில் ஜப்பான் படையெடுத்து வந்து, 1945இல் போர் முடிந்ததும் வெளியேறியது. போருக்குப் பின் 1948 வரை தோட்டங்களில் மீண்டும் வேலைநிறுத்தங்கள் நடந்ததால், இரண்டு காலமும் நினைவில் கலந்திருக்கக்கூடும். கோரிக்கைகளும் காலத்தைப் பிரித்தறிய உதவும். 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழிகாட்டுதலில் திரண்ட தொழிலாளர்கள், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியுடன், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும், வெள்ளைக்கார மேலாளரான துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். இதை வெறும் கூலித் தகராறு என்று சுருக்குவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆகவே சைக்கிளைப் பற்றியும் கள்ளுக்கடையைப் பற்றியும் தவறாமல் கேளுங்கள்.

சிலர் சங்கம் என்றாலே பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1948இல், கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் அரசாங்கம் மலாயாவில் அவசரகாலத்தை அறிவித்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த அச்சத்தில் வாழ்ந்தவர்களை வற்புறுத்தாதீர்கள்.

அடுத்து, கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், பிரிட்டிஷ் காலத்து சிலாங்கூர் செயலகக் கோப்புகளைத் தேடுங்கள். தோட்டத்துக்குத் தொழிலாளரிடையே வழங்கிய தமிழ்ப் பெயர் அக்கோப்புகளில் பெரும்பாலும் இராது என்பதால், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் அதன் பழைய எழுத்துக்கூட்டல்களையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு செல்வது நல்லது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்வடிவாக்கியுள்ள பழைய நாளிதழ்களில் 1941 மார்ச் முதல் மே வரையிலான இதழ்களையும் பாருங்கள்.

கோப்புகளைப் படிக்கும்போது, அவற்றை எழுதியது வேலைநிறுத்தத்தை அடக்கிய அரசாங்கம் என்பது நினைவிலிருக்கட்டும். அந்த மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாள், இடம், கைதானவர்களின் பெயர் ஆகியவற்றுக்கு அதிகாரிகளின் குறிப்பு பயன்படும். காரணத்துக்கு அதை மட்டும் நம்பாமல், பெரியவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே அருகில் எழுதி, இரண்டும் முரண்படும் இடங்களைத் திருத்தாமல் அப்படியே பதிவு செய்யுங்கள்.