அழிந்த எழுத்தைப் படிக்க ஒரு பென்சிலும் பால்பாயின்ட் பேனாவும் போதும், தொடங்குவதற்கு

ஒரே பொருளைப் பல நிற ஒளிகளிலும், கண்ணுக்குத் தெரியாத ஒளிகளிலும் படமெடுத்து மறைந்த எழுத்தைப் படிப்பதுதான் மல்டிஸ்பெக்ட்ரல் இமேஜிங். அதைக் கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: சுவடியைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு தாளில் பென்சிலால் உங்கள் பெயரை எழுதி, அது தெரியாதபடி நீல பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கி மூடுங்கள். இருட்டறையில் 850 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) அகச்சிவப்பு விளக்கைப் போட்டுப் படமெடுங்கள். பெரும்பாலான நீல மைகள் அந்த ஒளியில் காணாமல் போய்விடும், பெயர் கறுப்பாக நிற்கும். பேனா மை வெறும் சாயம், அது அகச்சிவப்பைத் தடுக்காது. பென்சில் என்பது கரி, அது அகச்சிவப்பையும் விழுங்கிவிடும். எந்தப் பொருள் எந்த ஒளியை விழுங்குகிறது என்ற கேள்விதான் இந்த வேலை முழுக்க.

கேமராவின் சென்சார் சுமார் 1000 நானோமீட்டர் வரை உணரும். அதன் முன்னால் இருக்கும் வடிகட்டிதான் அகச்சிவப்பைத் தடுக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்கி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அந்த வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். 850 விளக்கு சிசிடிவி கடைகளில் கிடைக்கும். நீலம், பச்சை, சிவப்பு எல்இடிகளும், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சும் சேர்த்துக்கொள்ளுங்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் உட்காரவே கூடாது. பழைய ஸ்டூடியோக்களில் சும்மா கிடக்கும் என்லார்ஜர் (ஃபிலிமிலிருந்து படத்தைப் பெரிதாக்கும் கருவி) ஸ்டாண்டு கேமராவைக் கீழ்நோக்கி மாட்ட அருமையானது.

எல்லா விளக்குகளிலும் எடுக்கும் ஒரு படத் தொகுப்பு முடியும்வரை கேமராவும் பொருளும் அசையக் கூடாது. கேமராவில் ரா ஃபைல் (சுருக்காத மூலப் படம்), லென்ஸ் துளை எஃப் 8, செல்ஃப் டைமர். விளக்கு மட்டும் மாற வேண்டும். அகச்சிவப்பில் ஃபோகஸ் கொஞ்சம் நகரும். அதைத் திருத்தினால் படத்தின் அளவும் இம்மியளவு மாறும், பிறகு கணினியில் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு விளக்கிலும் ஒரு வெள்ளைப் பரப்பையும் படமெடுத்து, கணினியில் பொருளின் படத்தை அந்த வெள்ளைப் படத்தால் வகுத்தால் வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வு போய்விடும். ஏ4 தாள் இதற்கு உதவாது. அதில் கலந்திருக்கும் வெண்மையூட்டி புற ஊதாவில் நீலமாக ஒளிரும். குழாய் மிஸ்திரிகள் சுற்றும் டெஃப்லான் டேப்பை அட்டையில் பல அடுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஓலைச்சுவடி. எழுத்தாணியால் கீறிய கோட்டில் பூசியது விளக்குக் கரி. காலத்தால் பழுப்பேறிய ஓலை அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும், கரி கறுப்பாகவே இருக்கும். துவைத தத்துவ ஆசான் மத்வாச்சாரியரின் நூல்தொகுதியான சர்வமூல கிரந்த ஏடுகளை அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தினர் படிக்கும்படியாக்கியது இந்த அகச்சிவப்பு வழியில்தான். கரி உதிர்ந்து வெறும் கீறல் மட்டும் மிஞ்சிய ஏட்டுக்கு இது பலிக்காது. அங்கே விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, கீறலில் விழும் நிழலைப் பிடியுங்கள்.

விலங்குத் தோலில் எழுதிய தோல் ஏடு வேறு கதை. ஆர்க்கிமிடீஸின் நூல்களை 10ஆம் நூற்றாண்டில் படியெடுத்த தோல் ஏடுகளை 13ஆம் நூற்றாண்டில் சுரண்டி, மேலே பிரார்த்தனை நூல் எழுதினார்கள். அந்த ஏட்டின் படங்கள் இணையத்தில் இலவசம், கற்க அதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியாது. சிவப்பு ஒளியில் அடி எழுத்து ஏறக்குறைய மறைந்துவிடும். புற ஊதாவில் தோல் ஒளிர, இரண்டு எழுத்தும் கறுப்பாகத் தெரியும். இலவச மென்பொருளான இமேஜ்ஜேயில் முதல் படத்தைச் சிவப்புச் சேனலிலும், இரண்டாவதைப் பச்சை, நீலச் சேனல்களிலும் போடுங்கள். மேல் எழுத்து கறுப்பாக இருக்க, ஆர்க்கிமிடீஸ் சிவப்பாக எழுந்து வருவார். அதைத் திரையில் உங்கள் கையால் வரவழைத்துப் பார்த்த பிறகு பிரின்சிபல் காம்பொனென்ட் அனாலிசிஸுக்கு, அதாவது எல்லாப் படங்களையும் சேர்த்து அவற்றின் வேறுபாடுகளைக் கணினியே பிரித்துக் காட்டும் கணக்குக்குப் போங்கள். முதலிலேயே அதில் இறங்கினால் கணினி எதைக் காட்டுகிறது என்றே புரியாது.

உண்மையான சுவடி கைக்கு வந்தால் புற ஊதா விளக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மட்டும் எரியட்டும். வெளிச்ச அளவைப் பார்க்கும் சோதனையெல்லாம் வேறு தாளில். எந்த விளக்கு, எவ்வளவு நேரம், எந்த வரிசையில் என்னென்ன செய்தீர்கள் என்பதைப் படத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். நீங்கள் படித்த எழுத்து சரிதானா என்று இன்னொருவர் பார்க்க அதுதான் வழி.